திரைக்குப் பின்னால் ஓர் இடம்

சூடேறிய ஆட்டுத்தோலுக்கு ஒரு வாசனை உண்டு. பால்வாடியின் ஜன்னல்களைச் சாக்கால் மூடி, வெள்ளை வேட்டித் திரைக்குப் பின்னால் ரோஸ்லின் டீச்சர் பல்பைப் போட்டதும் அது எங்கள் வரிசைவரை வரும். அப்போதே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும்.

டீச்சரின் தோல்பாவைகள் ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஓர் எழுத்து துளைத்திருக்கும். பாவை ஆட, எழுத்து வெளிச்சமாகத் திரையில் விழும். எழுத்து தெரிந்தவர்கள் திரைக்கு முன்னால் குந்திக்கொண்டு அதை உரக்கப் படிக்க வேண்டும். எழுத்து பிடிபடாத ஒரு பிள்ளை மட்டும் டீச்சர் பக்கத்தில் அமர்ந்து, துளைகளை விரலால் தடவி, பாவையை ஆட்டலாம். அந்தப் பிள்ளை எப்போதும் தேங்காய்த்திட்டு மீன்காரரின் மகள் கயல்விழிதான். எனக்கு வீட்டிலேயே எழுத்து சொல்லித்தந்துவிட்ட அம்மாமீது எனக்குத் தீராத கோபம். "படிச்ச புள்ளைக்கு எதுக்குடி பொம்ம?" என்பாள் அம்மா. கயலோ, "நீதான் எல்லாம் படிக்கிறியே, அங்கயே குந்து" என்பாள்.

மாசி மகம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை அது. எதற்கும் தேதி குறித்து வைக்கும் நான் அந்தத் தேதியை மட்டும் தேடிப் பார்த்ததில்லை. என் அழுகை தாங்காமல் டீச்சர் என்னையும் கயலையும் இடம் மாற்றினார். மயில் என் கைக்கு வந்தது. அதன் வயிற்றில் இருந்த 'ம' எனக்கு இடவலம் மாறித் தெரிந்தது. டீச்சர்தான் தவறாகக் கொடுத்துவிட்டார் என்று, எல்லாம் தெரிந்த நான், மயிலைத் திருப்பிப் பிடித்தேன். எனக்கு நேரானது, திரைக்கு அந்தப் பக்கம் எழுத்து திரும்பி விழ, ஒரே சிரிப்பு.

"அது 'ம'டி. திருப்பிப் புடி."

கயலின் குரல். அதுவரை ஓர் எழுத்தையும் படித்துச் சொல்லாதவள். டீச்சர் என்னைத் தாண்டி ஓடிப்போய் அவளை அணைத்துக்கொண்டார். நான் பல்பின் சூட்டில் மயிலோடு தனியாக இருந்தேன்.

சென்ற வாரம் லாஸ்பேட்டையில் என் மகளைச் சேர்த்திருக்கும் பள்ளியில் பாவையாட்டம். இப்போது எல்.இ.டி. பல்பு, தோல் சூடாவதில்லை, அந்த வாசனையும் இல்லை. ஆட்டுவது கயல்விழி டீச்சர். என்னைப் பார்த்ததும், "நீ முன்னாடியே குந்து, ஒனக்குத்தான் படிக்கத் தெரியுமே" என்று சிரித்தாள். பிறகு, வீட்டில் ஓர் எழுத்துகூடச் சொல்லித்தராமல் நான் பார்த்துப் பார்த்து வளர்த்த என் மகளைக் கைபிடித்துத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

திரையில் மயில் வந்தது, நேராக. உள்ளேயிருந்து இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. எல்லாரையும்விட உரக்க நான் 'ம' என்று படித்தேன்.