விரல் தூக்கினால் நிறுத்த வேண்டும்

அப்பா போன பிறகு துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் என் தங்கையைப் பார்த்து, "நீதானேம்மா சர்ஜன்?" என்று கேட்டார்கள். இல்லை. அவள் ஏன் சர்ஜன் ஆகவில்லை என்பது அப்பாவுக்குத் தெரியும். இப்போது எனக்கும் அவளுக்கும்தான் தெரியும், அதனால் எழுதிவைக்கிறேன்.

மயக்க மருந்துப் படிப்பில் அவள் ஆசைப்பட்டுச் சேரவில்லை. கேட்டது அறுவை சிகிச்சை, கிடைத்தது இது. முதல் வருஷம் முழுக்க ஊசியில் மருந்து நிரப்பிப் பெயர் ஒட்டியதுதான் மிச்சம். "பந்தியில தண்ணி ஊத்தறவ மாதிரி இருக்கேன்க்கா. எவனும் மூஞ்சியப் பாக்கறதில்ல" என்பாள். மறுபடி தேர்வு எழுதி அறுவை சிகிச்சையில் இடமும் வாங்கிவிட்டாள். அப்பா சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். குறித்த நாளில் மாலைக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். அன்று காலை மட்டும் மயக்க மருந்துப் பிரிவில் வேலை.

நோயாளி பஸ் கண்டக்டர். பழைய விபத்தில் தாடை இறுகி, சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறக்கும்; அதைச் சரிசெய்யத்தான் ஆபரேஷன். இப்படிப்பட்டவரை முதலிலேயே மயக்கினால் மூச்சுக்கு ஆபத்து. விழித்திருக்கும்போதே மூக்கை மரத்துப்போகச் செய்து, கேமரா வைத்த குழாயை மூச்சுக்குழாய்க்குள் இறக்க வேண்டும். முடியாவிட்டால் கழுத்தில் துளை.

முந்தின நாளே அவரிடம் பேசியிருந்தாள். அவர் பல்லிடுக்கில் சொன்னார்: "உள்ள போ, உள்ள போன்னு கத்திப் பொழைக்கிறவன்மா. கழுத்துல ஓட்டை போட்டா வெறும் காத்துதான் வரும்."

"முடியலைன்னா ஒரு விரலைத் தூக்குங்க. நிறுத்திடுவோம்."

"விசில் கெடையாதா?"

"விரல்தான் விசில்."

ஆனால் குழாயைப் பிடித்தவர் அவளுடைய சீனியர். பாதி இறங்கியதும் விரல் எழுந்தது. அவர் கவனிக்காமல் தள்ளினார். கண்டக்டர் இருமித் தலையை உதறினார். இரண்டாம் முறையும் அதே கதை.

"ஒத்துழைக்க மாட்டேங்கறார். கழுத்துக்குப் போயிடலாம்" என்றார் சீனியர். சர்ஜன் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சார், அவர் திமிறல. நிறுத்தச் சொல்றார். நான்தான் அப்படிச் சொல்லிவெச்சேன். உங்ககிட்ட சொல்லாதது என் தப்பு."

சீனியர் அவளையே பார்த்தார். பிறகு குழாயை நீட்டினார். "அப்ப நீயே போடு."

"இப்ப அழுத்தும். இப்ப இருமல் வரும்" என்று சொல்லிக்கொண்டே இறக்கினாள். விரல் எழுந்தது; நின்றாள். சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் விரலைப் பார்த்தாள். அது தணிந்ததும் நகர்ந்தாள். திரையில் குரல்நாண்கள் வெள்ளையாக விரிந்தன. அவர் மூச்சை இழுத்த கணத்தில் உள்ளே புகுந்துவிட்டாள். அவர் விட்ட மூச்சு மானிட்டரில் அலை அலையாக எழுந்தது. அதற்குப் பிறகே தூங்கவைத்தாள்.

எழுப்பியதும் அவளே. கண்டக்டரின் வாய் மூன்று விரல் நுழையத் திறந்தது. கழுத்தில் ஒரு கீறல் இல்லை.

"சாயங்காலம் எங்க பக்கம் வந்துடுவியாமே" என்றார் சர்ஜன்.

"வரல சார். அவர் கண்ணை மூடற வரைக்கும் என்னையேதான் பாத்துட்டிருந்தார். அந்த இடத்தை விட மனசு வரல."

மாலையில் அப்பா போன் செய்தார். "போய்ச் சேந்துட்டியா?"

"இல்லப்பா. ஒருத்தருக்கு இன்னிக்கு நானே குழாய் போட்டேன்."

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரலை இரண்டு வருஷமாக அவர் கேட்கவில்லை.

"சந்தோஷமா இருக்கியா? அப்ப அங்கயே இரு. சொந்தக்காரங்களை நான் பாத்துக்கறேன்."