மாமியார் கெடுத்த புழுக்கள்

புழுவுக்குச் சோறு போடுவதும் ஒரு உத்தியோகமா என்று சொந்தக்காரர்கள் சிரித்தாலும், அந்த மனிதர் தன் வேலையைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார். காட்டில் மண்டிக் கிடக்கும் மணத்தக்காளி, ஊமத்தை, கண்டங்கத்தரி இலைகளைப் பறித்துவந்து, ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு வட்டத் தட்டின் ஓரமாகப் பரப்புவார். நடுவில் ஒரு பச்சைப் புழுவை விடுவார். அது முதலில் எதைக் கடிக்கிறது என்று கண்கொட்டாமல் பார்ப்பார். வருஷக்கணக்காகத் தற்காலிக ஊழியர். திங்கட்கிழமை அதிகாரியம்மா முன்னால் சோதனை ஒழுங்காக நடந்தால் வேலை நிரந்தரம்.

வந்தது பாருங்கள் வினை! மூன்று நாள் விடுமுறைக்குக் கூடத்தைப் பூட்டிவிடுவார்களே என்று புழுப்பெட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்தார். வீட்டில் மாமியார். தபால்காரரைக்கூடச் சாப்பிட வைக்காமல் அனுப்பாத ஆத்மா.

“ஐயோ பாவம், இந்தக் காட்டுத் தழையைத் தின்னா உடம்பு எங்க தேறும்?” என்று, மருமகன் அசந்த நேரமெல்லாம், தான் தொட்டியில் வளர்த்த தக்காளிச் செடியின் கொழுந்தைக் கிள்ளிப் போட்டார். புழுக்கள் கொழுகொழுவென்று ஆயின. எல்லாம் தன் கைராசி என்று மருமகன் பூரித்துப்போனார்.

திங்கட்கிழமை, தட்டில் விட்ட புழு மணத்தக்காளியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஊமத்தையைச் சீந்தவில்லை. கண்டங்கத்தரிமேல் ஏறிப் படுத்தேவிட்டது. அடுத்தடுத்து விட்டவையும் அப்படியே.

“என்னங்க, உண்ணாவிரதமா?” என்றார் அதிகாரியம்மா.

மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே ஓடி வீட்டுக்குப் போன் போட்டார். “அத்தை, புழு எதையும் தொட மாட்டேங்குது! என் வேலை போச்சு!”

“எப்படித் தொடும்? மூணு நாளா தக்காளிக் கொழுந்து தின்ன வாய் மாப்பிள்ளை அது! இருங்க, வர்றேன்.”

தொட்டியோடு வந்து இறங்கிய மாமியார், மூன்று நாளாகக் கொழுந்து போட்ட கதையை அதிகாரியம்மாவிடம் ஒப்பித்தார். கொழுந்தைப் போட்டதுதான் தாமதம், புழுக்கள் மொய்த்துக்கொண்டன. அதிகாரியம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“மூணே நாள்ல ருசி மாறிடுச்சா? பழக்கினா புழுவோட ருசி மாறுமான்னுதானே நான் இத்தனை நாளா தேடிட்டிருந்தேன்! அம்மா, இன்னும் நூறு புழுவை இப்படிக் கெடுத்துத் தர முடியுமா?”

“கெடுக்கறதா? வளர்க்கறதுன்னு சொல்லுங்க. வர்றேன். ஆனா முதல்ல எங்க மாப்பிள்ளைய நிரந்தரம் பண்ணுங்க. ஆமா, நீங்க ஏன் இப்படி ஈர்க்குச்சியாட்டம் இருக்கீங்க? சாப்பிட்டீங்களா இல்லையா?”

வேலை நிரந்தரமானது. மருமகனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மறுநாள் சீட்டியடித்துக்கொண்டே கூடத்துக்குள் நுழைந்தார். பக்கத்து மேசையில் மாமியார், இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றார்.

“ஏன் மாப்பிள்ளை இவ்வளவு நேரம்? புள்ளைங்க பசியோட இருக்கு.”