தேடுபொறி கேட்ட பெயர்

தொண்ணூறுகளின் கடைசியில், மாலை ஆனால் மலேசியாவில், பாயான் பாருவில் இருந்த எங்கள் வீட்டுத் தொலைபேசி யாருக்கும் கிடைக்காது. தொழிற்சாலை வேலை முடிந்து வந்ததும் அதே லைனில் நான் இணையத்தில் உட்கார்ந்துவிடுவேன். அப்போது எனக்கு ஒரே பைத்தியம். தேடுபொறி ஒரு வலைப்பக்கத்தை ஏன் மேலே தூக்கி வைக்கிறது, இன்னொன்றை ஏன் கீழே போட்டு அமுக்குகிறது?

பைத்தியம் பிடிக்கக் காரணம் அப்பா. அம்மா ஜார்ஜ் டவுனில் பல வருடம் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவர். விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார். அவரிடம் படித்த பெண்களும் கல்யாணமாகி ஆஸ்திரேலியா, லண்டன் என்று போய்விட்டார்கள். இனி தன்னை யார் நினைக்கப் போகிறார்கள் என்று அம்மா ஒருநாள் சும்மா சொன்னார். சொன்னவர் மறந்துவிட்டார், கேட்ட அப்பா மறக்கவில்லை. அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் போட வேண்டும், பெயரைத் தேடினால் அந்தப் பிள்ளைகளுக்கு அது கிடைக்க வேண்டும் என்றார். ஓய்வுபெற்ற அரசாங்க கிளார்க் அல்லவா, தானே ஆங்கிலத்தில் எழுதியும் தந்தார். அப்படியே ஏற்றினேன்.

பிறகு அம்மாவின் பெயரைத் தேடிப் பார்த்தேன். அதே பெயரில் சென்னைப் பல் மருத்துவர் வந்தார், கனடாவில் வீடு விற்பவர் வந்தார். அம்மா மட்டும் வரவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

கருவிகளைத் தேடிப் பிடித்தேன். நம் முகவரியைப் பல தேடுபொறிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவைக்க ஒன்று இருந்தது. நமக்கு யார் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வது இன்னொன்று. யாரும் இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னது. பக்கத்தின் அடியில் வருகையாளர்களை எண்ணும் கருவி ஒன்றை வைத்தேன். எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது, வந்து போனதெல்லாம் நான்தான்.

ஒரு பக்கத்தில் எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று காட்டும் கருவியைப் பற்றி என்னோடு வேலை செய்த ஒரு பையன் சொன்னான்.

“அதுல போட்டுப் பாருங்கக்கா. உங்க பேஜ் எதைப் பத்தினதுன்னு அதுவே சொல்லிடும்லா.”

சொன்னது. எங்கள் பக்கம் ‘said’ என்ற சொல்லை, அதாவது நம் ‘மேற்படி’யைப் பற்றியதாம். அரசாங்கக் கடிதம் எழுதியே பழகிய கை அப்பாவுடையது. முதல் வரியில் ஒரே ஒரு முறை பெயர். பிறகு கடைசி வரை மேற்படி ஆசிரியை, மேற்படியார், மேற்படியாரின் மாணவிகள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அப்பாவிடம் காட்டி, தலைப்பிலும் ஒவ்வொரு பத்தியிலும் அம்மாவின் பெயரை எழுதச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. “இஞ்சேரும்” என்பார், அம்மா “இஞ்சேருங்கோ” என்பார். யாழ்ப்பாணத்து வழிவந்த எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். இத்தனை வருடம் அதை நான் கவனிக்காமலே இருந்திருக்கிறேன் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

பெயர் கூடியதும் பக்கம் மேலே ஏறத்தான் செய்தது. சில மாதம் கழித்து மெல்பர்னிலிருந்து ஒரு பழைய மாணவி எழுதினாள். ஆனால் நான் சொல்ல வந்தது, திருத்தி எழுதிய அந்த மாலையைப் பற்றி.

தான் வாசிப்பதாகவும் நான் தட்டச்சு செய்ய வேண்டும் என்றும் சொல்லி, அப்பா தாளோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயர் வரும் இடத்தில் நின்றார். தொண்டையைச் செருமினார். பிறகு, சாட்சிக் கூண்டில் நிற்பவரைப் போல உரக்கச் சொன்னார்.

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“என்ன, என்ன செய்யுது உங்களுக்கு?”

“எனக்கு ஒண்டுமில்லை. உம்மட பிள்ளையள் தேடினா நீர் கிடைக்க வேணும். அதுக்குப் பேர் வேணுமாம்.”

அம்மா திரையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். கையைச் சேலையில் துடைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

“பிள்ளைக்கு வடிவாக் கேட்டிருக்காது,” என்றார். “இன்னொருக்காச் சொல்லுங்கோ.”