நாலாவது இடம்

முதலில் போனது என் கையெழுத்து. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டில் எண்கள் கோட்டுக்கு மேலும் கீழுமாகக் குதித்தன. கோழி கிண்டின மாதிரி இருக்கிறது என்றார் டீச்சர். அடுத்த வாரம் காபி டம்ளர் கையை விட்டுப் போனது, அதற்கடுத்து சாப்பாட்டுத் தட்டு. "கையில எண்ணெயா தடவியிருக்க?" என்று அம்மா திட்டினாள். நான் இறுக்கித்தான் பிடித்திருந்தேன். யாரோ என் விரல்களைப் பிரித்துவிட்டது போல இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் பொழிச்சலூரில் இருந்தோம். தலைக்கு மேல் விமானம் போகும்போது பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்கள் வீட்டு வழக்கம். அப்படி நிறுத்தியிருந்த ஒரு நொடியில்தான் என் தோளும் வாயோரமும் தாமாக வெட்டுவதை அப்பா பார்த்தார்.

தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மா தன் இரண்டு விரல்களை நீட்டி இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். என் பிடி இறுகியது, தளர்ந்தது, மறுபடி இறுகியது. "பால் கறக்கிற மாதிரி பண்றா பாருங்க. இது கொரியா" என்றார். கொரியா (நம் விருப்பமில்லாமல் கை, கால், முகம் வெட்டி உதறும் நோய்) வாத சுரத்தின் (தொண்டைப் புண்ணுக்குப் பின் மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கக்கூடிய காய்ச்சல்) ஒரு முகம். சில மாதங்களுக்கு முன் எனக்கு வந்த தொண்டை வலிக்கு உப்புத் தண்ணீர் கொப்பளித்ததோடு விட்டிருந்தோம். நல்லவேளை, இதயம் தப்பியிருந்தது.

உதறலை அடக்க மாத்திரை, இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை இடுப்பில் பென்சிலின் ஊசி, படுக்கை. எரிச்சலும் அழுகையும் வரும், அதுவும் நோய்தான் என்று டாக்டரம்மா சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை நான் நன்றாகப் பிடித்துக்கொண்டேன். கையில் பிடி நிற்காத காலத்தில் அது மட்டும் நழுவவில்லை.

படுத்துக்கிடக்கிற பெண்ணுக்குப் பொழுது போகட்டும் என்று சிங்கப்பூர் மாமா ஒரு கையடக்க வீடியோ கேம் கொடுத்தனுப்பினார். உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறப் பெட்டி, பச்சை படிந்த சின்னத் திரை. நான்கு வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காட்டிலும் குகையிலும் நடப்பார்கள். சண்டையில் ஒருவர் தளர்ந்தால் இன்னொருவர் முன்னால் வந்து அடியை வாங்கிக்கொள்ளலாம். நான்கு பேரும் சேர்ந்து போனால்தான் கதை நகரும். விட்ட இடத்தைப் பெட்டி நினைவில் வைத்திருக்கும், ஆனால் ஒரே ஓர் ஆட்டத்தை மட்டும்தான்.

என் கட்டைவிரலோ ஒரு அடி நகர்த்தச் சொன்னால் நாலு அடி தள்ளியது. அதனால் பெட்டி என் தங்கை ரேவதியின் கைக்குப் போனது. அவளுக்குப் பதினொரு வயது. வீரனின் பெயருக்கு நாலு ஆங்கில எழுத்துதான் இடம். அப்பா, அம்மா, ரேவா, வசுவாகிய நான். நாலு பேருக்கும் கச்சிதமாக நாலெழுத்து. பள்ளி விட்டு வந்ததும் என் கட்டிலில் உட்கார்ந்து ஆடுவாள். எங்கே போகலாம் என்று என்னைத்தான் கேட்பாள். நான் சொல்வேன், அவள் அமுக்குவாள்.

எனக்குப் பொறாமை. மறைக்க ஒன்றுமில்லை. பார்க்காமலே சரியான பொத்தானைத் தொடும் அவள் விரல்கள்மேல் பொறாமை. என் மாமா எனக்கு அனுப்பியதை அவள் ஆடுகிறாள் என்ற பொறாமை. எல்லாவற்றையும் விட, திரைக்குள் இருந்த வசுமேல் பொறாமை. அவள் வாளைத் தூக்கினால் வாள் ஆடவில்லை. நான் படுத்திருக்க அவள் மட்டும் சண்டைக்குச் சண்டை ஒவ்வொரு நிலையாக ஏறிக்கொண்டே போனாள்.

ஒரு நாள் ரேவதி பள்ளியிலும் அம்மா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டும் இருந்தபோது பெட்டியை எடுத்தேன். மாலையில் ரேவதி திறந்தபோது நாலு பேரும் இல்லை. ஆட்டம் அழிந்து, முதல் பக்கம் வந்து நின்றது.

"கை உதறிடுச்சு" என்றேன். அழவும் செய்தேன். "விடுடி, அவ வேணும்னா செஞ்சா?" என்றாள் அம்மா. ரேவதி பெட்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள்.

அம்மா அதை அப்படியே டாக்டரம்மாவிடம் சொன்னாள். அந்த வாரம் மாத்திரையைக் குறைப்பதாக இருந்தது. பொங்கல் கழிந்து பள்ளிக்குப் போகலாம் என்ற பேச்சும் இருந்தது. இரண்டும் நின்றன. மாத்திரை கூடியது. அடுத்த மூன்று வாரங்கள் எச்சில் ஒழுகத் தூங்கினேன். கழுத்து விறைத்தது, நாக்கு தடித்தது. என் பொய்யை நானே தினம் மூன்று வேளை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

ரேவதி புதிதாக ஆட்டம் தொடங்கியிருந்தாள். ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்பா, அம்மா, ரேவா மூவர் மட்டும், கதை நகராமல், முதல் காட்டுக்குள்ளேயே சண்டை போட்டபடி சுற்றி நடந்தார்கள். நாலாவது இடம் காலி. என்னைத் தள்ளி வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்த மூன்று பேர்மேலும் பொறாமை வந்தது.

அடுத்த முறை தாம்பரம் போனது சனிக்கிழமை. பள்ளி இல்லாததால் ரேவதியும் வந்தாள். டாக்டரம்மாவின் விரல்களைப் பிடித்தேன். பிடி நின்றது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா போன தடவை அப்படி உதறிச்சுன்னு சொன்னீங்களே. மாத்திரை இன்னும் ஒரு மாசம் இப்படியே போகட்டும்" என்று சீட்டு எழுதத் தொடங்கினார்.

"டாக்டர், அது கை உதறினா அழியாது" என்றாள் ரேவதி.

அம்மா அவள் தோளைத் தொட்டாள். அவள் நிறுத்தவில்லை.

"அழிக்கட்டுமான்னு கேக்கும். அம்புக்குறி நோ மேலதான் நிக்கும். அதை எஸ்ஸுக்குத் தள்ளி அமுக்கணும். நிச்சயமான்னு திரும்பக் கேக்கும். அப்பவும் நோ மேலதான் நிக்கும். ரெண்டு தடவையும் கரெக்டா தள்ளினாதான் அழியும். அக்கா கை அன்னிக்கே சரியாயிடுச்சு."

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "நீயேதான் செஞ்சியாம்மா?"

தலையாட்டினேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

"திட்டுறதுக்குக் கேக்கல. மாத்திரையைக் குறைக்கத்தான் கேக்குறேன்" என்றார். எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார்.

இந்த நோய் வந்தவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான். நோய் செய்வதையும் நாம் செய்வதையும் டாக்டரிடம் பிரித்துச் சொல்லுங்கள். நம்மைத் தவிர வேறு யாராலும் அதைப் பிரிக்க முடியாது. என் விஷயத்தில் ஒரு பதினொரு வயதுக்காரி பிரித்தாள், அது என் அதிர்ஷ்டம்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். "உனக்கு எப்போ தெரியும்?" என்று ரேவதியைக் கேட்டேன்.

"அன்னிக்கேதான்."

"அப்ப ஏன் சொல்லல?"

"கோவமாத்தான் இருந்துச்சு. மூணு நாள் பாத்ரூம்ல போய் அழுதேன். அப்புறம், ரெண்டு தடவை கரெக்டா தள்ளியிருக்கியே, கை வந்துடுச்சேன்னு தோணிச்சு. அதனால விட்டுட்டேன். மாத்திரையை ஏத்தினது எனக்குத் தெரியாது. நேத்துதான் அம்மா சொன்னாங்க."

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை என் மடியில் வைத்தாள். நாலாவது கட்டம் திறந்திருந்தது. "பேர் போடு."

"இத்தனை நாள் ஏன் காலியா வெச்சிருந்த?"

"நான் போட்டா அது நான் வெச்ச வசு. உன் கை வந்ததும் நீயே போடுவேன்னு விட்டேன்."

ஒரு விமானம் போனது. இருவரும் பேசாமல் இருந்தோம். மாத்திரையின் விறைப்பு விரலில் மிச்சமிருந்தது. மூன்றாவது எழுத்து ஒரு கட்டம் தள்ளி விழுந்தது. அழித்துவிட்டுச் சரியாகப் போட்டேன். புதிய வசு முதல் நிலையில் இருந்தாள். மற்றவர்கள் இருபதைத் தாண்டியிருந்தார்கள்.

"நீ கடைசியில வா. அடியெல்லாம் நாங்க வாங்கிக்கறோம்" என்றாள்.

இருபத்தொரு வயது வரை ஊசி போட்டுக்கொண்டேன். மற்றவர்களுக்கு மாதம், எனக்கு இருபத்தொரு நாள். கல்லூரியும் கல்யாணப் பேச்சும் அந்தக் கணக்கில்தான் என் நினைவில் இருக்கின்றன. இப்போதும் நாள்காட்டியைப் பார்த்தால் கண் தானாக மூன்று வாரம் தள்ளிப் போய் நிற்கிறது.

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ரேவதியின் கையெழுத்து இன்றும் அச்சு மாதிரி இருக்கும். அவளிடமிருந்து கடிதம் வந்தால் முதலில் அந்த எழுத்துகள்மேல்தான் எரிச்சல் வருகிறது. வரும்போது என் கையை நீட்டி விரல்களை விரித்துப் பார்க்கிறேன். அசையாமல் நிற்கிறது. அதனால், இனி அது எதைச் செய்தாலும் செய்தது நான்தான்.