கேட்டுவிட்டு ஓடாத மேரி அக்கா

மேரி அக்காவின் எண்ணிலிருந்து இரண்டு மூன்று அழைப்புகள் வந்திருந்தன. பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் பிள்ளைகளிடம் பேசி முடித்து வெளியே வந்து அப்போதுதான் போனைப் பார்த்தேன். மதியத்தில் அக்கா கூப்பிட மாட்டார், அவர் நேரம் சாயந்திரம். உடம்பு சரியில்லையென்று லீவில் இருந்தவர், தேறிய குஷியில் கூப்பிடுகிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டேதான் திருப்பி அழைத்தேன். எடுத்தது அவர் தம்பி. “அக்கா போயிட்டாங்கம்மா” என்றார். அந்நேரம் பார்த்துச் சாப்பாட்டு மணி அடித்தது. அவர் அதற்குப் பிறகு சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் பற்றிய ஓர் ஆய்வில் நானும் அக்காவும் களப்பணியாளர்கள். தூக்கம், பயம், கோபம் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பதிலை டேப்லெட்டில் பதிவு செய்வது எங்கள் வேலை. எங்களைப் போலவே களப்பணியில் அக்காவோடு இந்த தர்மபுரி மாவட்டத்து வெயிலில் அலைந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரைப் பற்றிப் பேச எனக்கு வேறு யாரும் இல்லை.

மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு பள்ளியில் நடந்த கூத்து உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஆரம்பத்தில் கேள்வித்தாளைக் கொடுத்துப் பிள்ளைகளையே எழுதச் சொன்னோம். அந்தத் தலைமை ஆசிரியர் எங்கள்மேல் வைத்த மரியாதையில், பரீட்சைக்குப் போடுகிற மாதிரி பெஞ்சுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, “நம்ம பள்ளிக்கூடத்துப் பேரைக் காப்பாத்துங்க” என்று வேறு சொல்லிவிட்டார். பிள்ளைகள் காப்பாற்றினார்கள். எல்லோருக்கும் நல்ல தூக்கம், யாருக்கும் பயமே கிடையாது. முதல் ரேங்க் பெண்ணைப் பார்த்து வகுப்பே எழுதியிருந்தது. அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பாவம் அந்தப் பொண்ணு, கிளாஸ் மொத்தத்துக்கும் சேத்து அவ ஒருத்தியே சந்தோசமா இருந்திருக்கா பாரு” என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக மரத்தடியில் உட்காரவைத்துத்தான் கேட்டோம். “இது பரீட்சை இல்ல கண்ணு. இதுல பாஸும் கெடையாது, பெயிலும் கெடையாது” என்றுதான் அக்கா தொடங்குவார்.

கேள்விகளில் ஒன்று: மனதில் இருப்பதைச் சொல்ல உனக்கு யாராவது இருக்கிறார்களா? தீர்த்தமலை அடிவாரத்துப் பள்ளியில் ஒரு சிறுமி, “இல்லைங்க மிஸ்” என்றாள். நானாக இருந்தால் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போயிருப்பேன். அக்கா டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். வெகுநேரம் கழித்து அந்தப் பிள்ளை, “எங்க வூட்டு ஆடு இருக்குது” என்றது. அக்கா சிரிக்கவில்லை. “அது பேரு என்ன?” என்று கேட்டார். ஆட்டில் தொடங்கிய பேச்சு வீட்டுக்குள் நடப்பதில் போய் நின்றது. அவளிடம் சொல்லிவிட்டு, எங்கள் குழுவின் மனநல ஆலோசகரை அன்றைக்கே வரவழைத்தார். திரும்புகையில் எனக்கும் ஒரு குத்து விழுந்தது. “கேட்டுப்புட்டு ஓடறதுக்கு நாம என்ன கரண்ட் கணக்கு எடுக்கவா வந்திருக்கோம்?”

என் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, தங்கலும் அங்கேதான். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிய வீட்டில் நானும் லாரிச் சத்தமும்தான். இதையெல்லாம் அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. வளவளவென்று பேசுவது எனக்கு ஆகாது.

தினமும் காலையில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் எங்களுக்கு ஒத்திகை உண்டு. வாய் பழகுவதற்காக ஒருவர் கேள்வி கேட்க, மற்றவர் ஏதாவது ஒரு பிள்ளையாக நடித்துப் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாள் அக்கா பாதியில் நிறுத்தினார். “சாந்தி, உம்புள்ள தெனம் மாறுது. ஒரு நா எட்டாவது, ஒரு நா ஒம்பதாவது. ஆனா யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டா மட்டும் எல்லாப் புள்ளையும் இல்லைன்னே சொல்லுதே, ஏன்?”

“சும்மா நடிப்புதாங்கக்கா. அடுத்ததக் கேளுங்க” என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் அடுத்ததைக் கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

அன்று சாயந்திரம் நான் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் போன். “வூடு போய்ச் சேந்துட்டியா?”

“என்னங்கக்கா, ஏதாச்சும் தப்பாயிடுச்சா?”

“ஒண்ணுமில்ல, சும்மாதான்.”

மறுநாளும் சும்மாதான். அப்புறம் அது நிற்கவே இல்லை. தக்காளிச் செடியில் பூச்சி விழுந்தது, பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா கோழியைத் திட்டியது, இவ்வளவுதான் பேச்சு. அந்த அம்மா குரலிலேயே அக்கா திட்டிக்காட்டுவார், நான் ரோட்டில் நின்று சிரிப்பேன். மனநலம் என்ற வார்த்தையை அவர் ஒரு நாளும் எடுத்ததில்லை. கொஞ்ச நாளில் ஓசூர், திருப்பூர், லாரிச் சத்தம் என்று நானும் பேச ஆரம்பித்திருந்தேன்.

அக்காமேல் எனக்குக் கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர், என்னிடம் மட்டும் “சக்கரை கொஞ்சம் ஏறிடுச்சு” என்று முடித்துக்கொண்டார். என் வாயை மட்டும் அவ்வளவு பாடுபட்டுத் திறந்தவர், தன் வாயை மூடிக்கொண்டே போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் பிடி மண் போடும்போதும் எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. இப்போது சாயந்திரம் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கை தானாகப் போனை எடுக்கிறது. எடுத்து, பார்த்து, பையில் போட்டுக்கொண்டு நடக்கிறேன்.

அக்காவின் இடத்துக்குப் பவித்ரா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். ஊருக்குப் புதிது, தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். நேற்றுக் காலை எங்கள் முதல் ஒத்திகை. யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அவள்மேல் தப்பில்லை, பயிற்சியில் அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள்.

பிறகு நான் கேட்டேன், அவள் பிள்ளையாக நடித்தாள். அந்தக் கேள்வி வந்ததும், “இல்லைங்க மிஸ்” என்று சிரித்தாள். நடிப்பாகவும் இருக்கலாம். நான் டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தேன். அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

சாயந்திரம் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அவளுக்குப் போன் போட்டேன். “ரூம் போய்ச் சேந்துட்டியாம்மா?”

“என்னங்கக்கா, ஏதாவது தப்பாயிடுச்சா?”

“ஒண்ணுமில்ல, சும்மாதான்.”

“சரிங்கக்கா” என்று சட்டென்று வைத்துவிட்டாள். முதல் வாரம் முழுக்க நானும் அக்காவிடம் அப்படித்தான் வைத்தேன்.