வட்டைவிதானையின் கள்ள வாய்க்கால்

மாவடிப்பள்ளியில் என் மச்சான் பக்கீர் முகைதீனுக்குப் பயப்படாத வயல்காரன் இல்லை. அவர் வட்டைவிதானை, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை அவர்தான் சொல்வார். யாராவது கள்ள வாய்க்கால் வெட்டினால் அடைக்க வைத்துவிட்டு, ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், அந்த இடத்தை மிதித்துப் பார்க்கச் சொல்வார். பார்க்காதவனுக்கு அடுத்த முறைத் தண்ணீர் கிடையாது. "மேலால தண்ணி நிண்டா போதாதுகா, உள்ளால ஓடும்" என்பார். என் அக்கா சுபைறாவை அவர் கட்டிய நாளிலிருந்து இதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்படிப்பட்ட மனிதர், மலத்தோடு ரத்தம் போவதை இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. மூலவியாதி என்று தானே முடிவுகட்டி நாட்டு மருந்து குடித்தார். வயலில் கக்கூஸ் ஏது? காலையில் சாப்பிடாமலே போவார். வாய்க்கால் கரையில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

குழாய் விட்டுப் பார்த்த டொக்டர் சுலக்சனா, இது மூலமில்லை, பெருங்குடல் அழற்சி, குடலின் உட்சுவரில் புண் என்றார். "புண்ண ஆத்துறதுக்கு உடம்பு அதில புதுப்புது ரத்தக்குழாய வளர்க்குது ஐயா. அவசரத்தில வளர்ந்தது, சுவர் மெல்லிசு, கசியும். புண்ணக் கிளறுற அணுக்களும் அதாலதான் இன்னுமின்னும் வந்து சேருது."

"கள்ள வாய்க்கால்" என்றார் மச்சான்.

"ஓம், அப்படித்தான். ரத்தம் நிண்டாலும் அந்தக் குழாய்கள் உடனே இல்லாமப் போகாது. மாத்திரைய விடாதீங்க, இந்த வருசம் நோன்பும் வேணாம். திரும்ப மோசமானா பெருங்குடல வெட்டி எடுத்துட்டு, மலம் போக வயித்தில பை வைக்க வேண்டி வரும்."

மச்சானின் முகம் செத்துப்போனது. பையோடு தொழுகை வரிசையில் எப்படி நிற்பது என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

மூன்று மாதத்தில் ரத்தம் நின்றது. நோன்பும் வந்தது. நோயாளிக்கு விலக்கு உண்டென்று அவருக்குத் தெரியாதா? ஆனால் பகலில் மாத்திரை போடுவதைக் கண்டவன் என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்பான். எந்த இடத்தில் என்றும் சொல்ல வேண்டும். அந்த வெட்கம் அவருக்கு நோயைவிடப் பெரிது. நோன்பு பிடித்தார், மாத்திரையையும் விட்டார். இரவில் அக்கா மாத்திரையை நீட்டினாலும், "ரத்தம் நிண்டுட்டு புள்ள. சுகமான ஆளுக்கு என்னத்துக்கு மருந்து?" என்று சிரிப்பார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. மூத்தவராயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பத்தொன்பதாம் நோன்பன்று, தண்ணீர் முறை வைக்கும் கூட்டத்தில் எழுந்த மச்சான் உடுத்திருந்த சாறனெல்லாம் ரத்தம். யாருக்குத் தெரியக்கூடாதென்று நோன்பு பிடித்தாரோ அத்தனை பேரும் பார்த்தார்கள்.

இம்முறை எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. டொக்டர் புதிதாக எடுத்த படத்தைக் காட்டினார். குடல் முன்பைவிடச் சிவந்து, ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடந்தன. வெட்டத்தான் வேண்டும் என்றார்.

கையெழுத்துப் போடுமுன் மச்சான் என்னைப் பார்த்தார்.

"நளீம், அடைச்ச இடத்த மிதிச்சுப் பாக்காதவனுக்கு நான் என்ன செய்யிற?"

"தண்ணி குடுக்கமாட்டீங்க, மச்சான்."

"ஓம்" என்று பேனையை வாங்கிக் கையெழுத்திட்டார். அக்கா தலையை மூடியிருந்த முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மச்சான் என் கையைப் பிடித்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பையோட தொழலாமா எண்டு மௌலவிட்டக் கேட்டு வா. ஆருக்கு எண்டு மட்டும் சொல்லிராத."