வலி போன வாய்

பாரூர் ஏரிப் பாசனத்தில் நாராயணப்பனுக்கு எட்டு ஏக்கர் கரும்பு. அது வெல்லமாவது திம்மராயன் கையில். கொப்பரையை எப்போது இறக்க வேண்டும் என்பதை ஒரு சொட்டுப் பாகை நாக்கில் வைத்தே சொல்லிவிடுவான். வெள்ளைக்காரன் போன நாலாம் வருஷம், கரும்பாலை ஓடிக்கொண்டிருந்த தை மாதத்தில், அவனுக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது.

"கிருஷ்ணகிரி டாக்டருகிட்ட காட்டிட்டு வந்துர்றேன் சாமி."

"கொப்பரைய யாரு பாக்கறது, உங்கப்பனா?" என்ற நாராயணப்பன், மடியிலிருந்து கடுகளவு அபினைக் கிள்ளிக் கொடுத்தார். சர்க்கார் கடையில் அபின் வாங்கச் சீட்டு வைத்திருந்தவர் அவர். "சொத்தையில வெச்சு அமுத்துடா."

அரை மணியில் வலி போன இடம் தெரியவில்லை. பல்லுக்குள் இருந்த புழு செத்தது என்று ஊரே அவருடைய கைராசியைப் புகழ்ந்தது. செத்தது வலி மட்டும்தான்.

கடுகு மிளகாயிற்று, மிளகு புளியங்கொட்டையாயிற்று. தினமும் காலையில் அவரே கொடுத்தார். அபின் வாயை வறள வைத்தது. வறண்ட வாய் தித்திப்புக் கேட்டது. கை நீட்டினால் கொப்பரை. அடிவெல்லத்தைச் சுரண்டி ஈறோரம் அதக்கிக்கொண்டான். ஈறு உப்பிக் கறுத்துப் பல்லை விட்டுக் கழன்றது. வலிக்கவே இல்லை. ராகிக் களி தின்கிற ஊரில் பல் போனதும் குறையாகப் படவில்லை. களியை யார் மெல்கிறார்கள்? உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதானே!

"களி முழுங்கப் பல்லு என்னாத்துக்குடா? முறுக்கு விக்கறவனுக்குத்தான் நட்டம்!" என்றான் ஆலைமாடு ஓட்டும் முனிவேல். திம்மராயனும் சிரித்தான். அந்தச் சிரிப்பின் நாற்றம் அவன் மனைவி கெம்பம்மாவுக்குத்தான் தெரியும். ரத்தமும் சீழும் பட்ட தலைமாட்டுத் துணியைத் துவைத்தவள் அவள்.

அபின் தொட்ட எட்டாம் வருஷம் தாடை வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது. கெம்பம்மா யாரையும் கேட்காமல் அவனைக் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏற்றினாள்.

"வலிச்ச அன்னிக்கே வந்திருந்தா ஒரு பல்லோட போயிருக்கும்" என்றார் டாக்டர்.

"அபின் வெச்சப்புறம் வலிக்கலீங்களே."

"அதாம்ப்பா கேடு. எலும்பு வரைக்கும் சீழ் போயிருச்சு." சீழை வடித்து ஊசி போட்டார். "வீக்கம் வத்தட்டும். எட்டு நாள் கழிச்சு வா, மிச்சத்தை எடுத்துச் சுத்தம் பண்ணிரலாம். அதுவரைக்கும் அபினைத் தொடாத. தொட்டா வலி தெரியாது, நீ வரமாட்ட, உசுரு போயிரும்."

மூன்றாம் நாள், எட்டு வருஷத்து வலியும் ஒன்றாய் வந்தது. வயிறு கழிந்தது. கால்கள் முறுக்கின. சுவரில் தலையை மோதிக்கொண்டான்.

"இன்னும் அஞ்சே நாளு. பல்லக் கடிச்சிக்கிட்டு..." என்று தொடங்கிய கெம்பம்மா பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் நாராயணப்பன் வாசலில் வந்து நின்றார். "மூணு நாளா பாகு அடிப்புடிக்குது. இவன் இங்க மகராசனாட்டம் படுத்திருக்கான்." கையில் அபின் உருண்டை.

"வேணாஞ் சாமி, செத்துப்போயிருவாரு. சந்தையில மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாத்துதான வாங்கறீங்க? இந்த வாயயும் ஒரு தரம் தொறந்து பாருங்களேன்."

அவர் பார்க்கவில்லை. உருண்டையை வாசற்படியில் வைத்தார். "பாவம் பாத்துக் குடுத்தா, பேச்சப் பாரு."

அவர் போனதும் திம்மராயன் தவழ்ந்து வந்தான். உருண்டை அவன் விரலுக்கு அகப்படாமல் இரண்டு முறை நழுவி உருண்டது. சாக்கடையில் தள்ள ஒரு நொடி போதும். கெம்பம்மா காலை நீட்டியும்விட்டாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். வாய் தானாகத் திறந்தது.

அவளே எடுத்தாள். வைத்து அமுக்கச் சொத்தைப் பல் அந்தப் பக்கம் ஒன்றுகூட மிச்சமில்லை. வெறும் ஈற்றில் வைத்தாள்.

அரை மணியில் அவன் எழுந்து, முண்டாசு கட்டிக்கொண்டு, ஆலைக்கு நடந்தான்.